வெயிலில் சாக வைத்த போத்தல்

என் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் மிளகாய்ச் செடியின் இலையும் ஒரே சேதியைத்தான் அனுப்புகின்றன என்று எனக்குச் சொன்னவர், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்த ஒரு பெண். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு நாற்பத்தேழு வயது. பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கட்டடத்தில் லேப் அசிஸ்டண்ட். குடுவை கழுவுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, போத்தல்களை அதனதன் இடத்தில் வைப்பது என் வேலை. என் கை படாத போத்தல் அந்த மாடியிலேயே கிடையாது என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

அந்தப் பெண் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முப்பத்தாறு வயதில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அவர் தாத்தா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மற்ற நேரமெல்லாம் எங்களைப் போலவே பேசுவார். வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும், ஆமாம் என்பதற்கு ‘ஓம், ஓம்’ என்று மாறிவிடுவார். போனை வைத்ததும் நான் ‘நமசிவாய’ என்று முடித்துவைப்பேன். முதல் தடவை சிரித்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

“டாக்டரம்மா” என்றுதான் கூப்பிடுவேன்.

“இன்னும் ஆகல அண்ணே. வாய வச்சுக் கெடுக்காதீங்க லா” என்பார்.

மாத்திரைக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடிக்குப் படியேறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. நான் படியிலேயே உட்கார்ந்து, வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது, மூத்த மகளுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் என் மனைவியிடம் ஒப்பித்தேன். அவள் தொழிற்சாலைச் சட்டையோடு வேலைக்குக் கிளம்பி நின்றவள். “ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, இல்ல வாயுவா? பஸ் வந்துரும், சட்டுனு சொல்லுங்க” என்றாள். ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். குழாய் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிப் போத்தலில் மாத்திரை கொடுத்தார். வலி வந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். போத்தலில் வெளிச்சம் படக் கூடாது. பட்டால் மருந்து செத்துவிடும்.

இந்தக் கடைசி வரி எனக்குள் எப்படி இறங்கியது என்றால், அந்தப் பழுப்புப் போத்தலை நான் ஒரு காலுறைக்குள் போட்டு, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கேட்டவர்களிடம் உபரி இதயம் என்று சொன்னேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் கேட்டார்: “அண்ணே, அந்த மாத்திரை உள்ள போயி என்ன செய்யுதுன்னு தெரியுமா?”

“நெஞ்சு வலிய நிப்பாட்டுது. தலைவலியக் குடுக்குது.”

“ஒரு கேஸா மாறுது. நைட்ரிக் ஆக்சைடு. ரோட்டுல ஓடுற காடிப் புகையில கூட இருக்கே, அதே கேஸ். அது ரத்தக் குழாய்கிட்டப் போயி தளர்ந்துக்கோன்னு சொல்லுது. அவ்வளவுதான் அதோட வேலை. என்னோட மிளகாய் இலையிலயும் அதே கேஸ்தான்.”

“மிளகாய்க்கும் நெஞ்சு வலியா?”

“வந்தாலும் வரும். நீங்க தண்ணி ஊத்துற லட்சணத்துக்கு.”

செடிகளிலும் இந்த வாயு சேதி கொண்டுபோகிறது என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் அப்போதுதான் எழுத ஆரம்பித்திருந்தார்கள். அவர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிருமி ஓர் இலைக்குள் நுழைந்ததும் அந்த இடத்துச் செல் இந்த வாயுவை விடுகிறது. வாயுவுக்கு ஆயுள் சில நொடிதான். அதற்குள் பக்கத்துச் செல்லுக்குச் சேதி எட்டிவிட வேண்டும். சேதி எட்டிய செல் தன் சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளும். நிலைமை மோசமென்றால் கிருமி தன்னைத் தாண்டிப் போகாதபடி தானே செத்தும் போகும். சாலையோரக் கடைக்காரர்களை எனக்குத் தெரியும் என்பதால் இது எனக்கு உடனே விளங்கியது. நகராண்மைக் கழக லாரி வருகிறதென்று முனையில் ஒருவர் விசில் அடிப்பார். விசில் காற்றில் நிற்காது. ஆனால் அது ஓய்வதற்குள் அடுத்த வண்டிக்காரர் விளக்கை அணைத்திருப்பார், அதற்கடுத்தவர் மேசையை மடித்திருப்பார், கடைசி ஆள் வண்டியோடு சந்துக்குள் மறைந்திருப்பார். இதைச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய சோதனை இதுதான். செந்நிறமான ஓர் உப்பு இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தால், வெளிச்சம் பட்டதும் இந்த வாயுவை விட ஆரம்பிக்கும். அந்தக் கரைசலை மிளகாய் இலையில் தெளித்துவிட்டு, அப்புறம் இலைப்புள்ளி நோய்க் கிருமியை விட வேண்டும். வாயு முன்கூட்டியே விசில் அடித்துவிட்டதால் இலை தயாராக இருக்கும், புள்ளி குறைவாக விழும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தெளிக்கும்வரை கரைசல் இருட்டில் இருக்க வேண்டும். மிக நீர்த்த கரைசல், பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் போத்தலுக்கு அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள் வைப்பார்.

ஒருநாள் நான் அந்தப் போத்தலைத் துடைத்துவிட்டு, தாள் சுற்றாமல் மேசையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போத்தலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். முழுவதும் வடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் வெளிச்சத்துக்கு எதிரி ஆனேன். அந்த மாடியில் அலுமினியத் தாள் செலவு என்னால்தான் கூடியது. ஒருமுறை புரொஃபசரின் தேநீர்க் குவளைக்கும் சுற்றிவிட்டேன்.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். வாட்டர்ஃபால் ரோட்டில் எங்கள் ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நின்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினேன். கழுத்து கறுத்து, குரல் போய், நாலாம் நாள் காலை வேலைக்கு வந்தேன். அந்தப் பெண் இல்லை. மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை என்று முந்தின சாயங்காலமே ஈப்போவுக்குப் பஸ் ஏறியிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் வருவார் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

ஜன்னல் திண்டில் அவருடைய போத்தல் ஒன்று இருந்தது. தாள் இல்லை. அதன்மேல் அவர் கையெழுத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும். காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பாவம், மாமியார் கவலையில் மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் மறந்த ஒன்றை நான் கவனித்தேன் என்று உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. மூன்று சுற்றுத் தாள் சுற்றினேன். அலமாரியின் கடைசித் தட்டில், மற்ற போத்தல்களுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வாரமும் தினம் ஒருதரம் கதவைத் திறந்து, தாள் விலகவில்லை என்று பார்த்துவிட்டு மூடினேன். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பதுபோல.

வந்த அன்று அவர் அவசரத்தில் இருந்தார். செடிக்கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “அண்ணே, அலமாரில இப்பப் புதுசா கரைச்சு வச்ச போத்தல் இருக்கு. அதையும் அந்த ஜன்னல் போத்தலையும் எடுத்துட்டு வாங்க.”

இரண்டுமே அலமாரியில்தான் இருந்தன. இப்போது தெளிக்கத்தானே போகிறார் என்று, ஜன்னல் போத்தலுக்கு நான் சுற்றியிருந்த தாளை உரித்துவிட்டு இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் காப்பாற்றிய கதையைச் சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தெளிப்பானைக் கையில் பிடித்திருந்தார். சரி, பாராட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் எனக்கே மறந்துபோனது.

பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகளில் புள்ளி தெரிந்தது. அவர் ஒரு பகல் முழுக்கச் செடிக்கூடத்தில் உட்கார்ந்து எண்ணினார். பிறகு ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கோப்பி கலக்கிக்கொண்டு போனேன்.

“அவ்வளவுதான் அண்ணே, முடிஞ்சுது” என்றார்.

“என்னா முடிஞ்சுது? புதுக் கரைசல் தெளிச்ச இலையெல்லாம் சுத்தமாத்தானே இருக்கு.”

“அது சுத்தமா இருக்கு. ஜன்னல் போத்தல் தெளிச்ச இலையும் சுத்தமா இருக்கே. அதுதான் பிரச்சினை.”

“ரெண்டும் சுத்தமா இருந்தா நல்லதுதானே?”

அவர் சலிக்காமல் சொன்னார். ஆசிரியை அல்லவா. “ரெண்டும் ஒரே உப்பு. ஒன்னுல கேஸ் இருக்கு. இன்னொன்ன ஒரு வாரம் ஜன்னல்ல வெயில்ல வச்சு, கேஸ் எல்லாம் போற வரைக்கும் சாக விட்டேன். செத்த போத்தல் ஒன்னும் செய்யக் கூடாது. வெறும் தண்ணி தெளிச்ச மாதிரி இலையெல்லாம் புள்ளி விழணும். ஆனா செத்ததும் அதே வேலையச் செய்யுது. அப்படின்னா இலையக் காப்பாத்துறது கேஸ் இல்ல. உப்புல இருக்குற வேற என்னமோ. என் அத்தியாயமே கேஸப் பத்தித்தான். புரொஃபசர்கிட்டச் சொல்லிட்டேன். அந்த அத்தியாயத்த எடுத்துரச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம். ஜூன்ல நான் ஸ்கூலுக்குத் திரும்பணும். அது இல்லாம மத்தது நிக்காது.”

கோப்பியை எடுத்துக் குடித்தார். சீனி போட மறந்திருந்தேன் போலிருக்கிறது. அவர் கவனிக்கவில்லை.

என் பதற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நேராக நெஞ்சுக்கு வராது. முதலில் முட்டிக்குப் போகும், அங்கிருந்து வயிற்றுக்கு ஏறும், அங்கே கொஞ்ச நேரம் நின்று விசாரித்துவிட்டுத்தான் மேலே வரும். உள்ளே பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு தீயணைக்க ஓடிக்கொண்டிருக்கும். வெளியே நான் “இன்னொரு கோப்பி கலக்கட்டுமா டாக்டரம்மா” என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, காலுறையிலிருந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரைந்து, போய், சொல்ல வேண்டியதைக் குழாய்களிடம் சொன்னது. எனக்கு மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. செய்த தப்புக்கு அந்த மருந்தில் ஒன்றும் கிடையாது என்று தெரிந்துகொண்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைக் காலையில் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். கட்டடத்துக்குள் நுழைந்ததும் வேறு ஒரு வாக்கியம் வாயிலிருந்து வரும், பெரும்பாலும் நகைச்சுவையாக. என்ன பயம் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை போகாது, அரசாங்க வேலை. அதிகபட்சம் என்னைக் கீழே ஸ்டோருக்கு அனுப்புவார்கள். இனி அந்தப் பெண் என்னிடம் ஒரு போத்தலைக்கூட எடுத்துவரச் சொல்ல மாட்டார் என்பதுதான் பயம். இதைச் சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. அவருக்கு இரண்டு வருஷம் போகிறது. எனக்குப் போத்தல் தூக்கும் கௌரவம் போகிறதாம்.

மூன்றாம் நாளிலிருந்து பதற்றமும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்றுமே வரவில்லை. இடது கை மரத்துப்போனது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வலது கையும் அப்படித்தான். பிறகு கை கால் என்ற கணக்கே இல்லாமல் முழு ஆளும் மரத்துப்போனேன். குடுவை கழுவினேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், பஸ் ஏறினேன். ஒரு சாயங்காலம் மனைவி வைத்த மீன் குழம்பை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். அவள் தன் தட்டில் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“உப்பே போடல. நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“என்னா ஆச்சு உங்களுக்கு?”

சொன்னேன். அவளிடம் மட்டும் அந்த வாக்கியம் சுலபமாக வந்தது. அவள் சட்டியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். “எங்க ஃபேக்டரி லைன்ல யாராவது தப்புப் பண்ணா பேர எழுதி போர்டுல ஒட்டுவாங்க. ஒரு வாரம் இருக்கும். அப்புறம் அடுத்த ஆளு பேரு வரும். யாரும் சாகல. அந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“எப்ப?”

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

நெருக்கடி அடுத்த திங்கட்கிழமை வந்தது. அந்தச் சோதனைக்கென்று விதை போட்டபோது, கூடுதலாக இரண்டு தட்டு நாற்று உபரியாக வளர்த்திருந்தோம். கிருமி படாத, அதே வயதுச் செடிகள். இன்னொரு மாணவருக்குச் செடிக்கூடத்தில் இடம் வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த அறைக்குள் இருந்த எந்தச் செடியையும் சும்மா குப்பையில் போட முடியாது. ஆட்டோகிளேவில், அதாவது ஓர் ஆள் உயரப் பிரஷர் குக்கரில், போட்டு அவித்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் வெளியே போகும்.

“உபரி தட்டையும் சேத்து அவிச்சிருங்க அண்ணே. இனி எதுக்கு அது” என்றார் அவர்.

அந்தச் செடிகள் போனால் திரும்ப விதை போட்டு அந்த அளவுக்கு வளர்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஜூன் வந்துவிடும். மறுபடி செய்து பார்க்க அந்த இரண்டு தட்டைத் தவிர இந்த உலகத்தில் வேறு வழி கிடையாது. இது எனக்குத் தெரியும். அவருக்கு, மறுபடி செய்து பார்க்க ஒரு காரணம் இருக்கிறதென்றே தெரியாது.

இந்த இடத்தில் நேர்மையுள்ள ஆள் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் ஆட்டோகிளேவ் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கேட்டார், இன்னும் சரியாகவில்லை என்றேன். புதன்கிழமை கேட்டார், மூடி வழியாக ஆவி கசிகிறது, பக்கத்தில் போகாதீர்கள் என்றேன். பொய்யை ஆரம்பித்தவுடன் என் மரத்துப்போன உடம்பில் அது மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்தது. கெட்டுப்போனது என்பதற்கு ‘ரோசாக்’ என்று மலாயில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். தினமும் யாரும் வருவதற்கு முன்னால் போய், அந்த இரண்டு தட்டுக்கும் தண்ணீர் ஊற்றினேன். எப்போதையும்விடக் கவனமாக ஊற்றினேன். இரண்டு செடி வாடியது. மற்றவை ஜோராக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸிலிருந்து ரிப்பேர்க்காரரை அனுப்பிவிட்டார்கள். வயதான சீனர். கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், சுவிட்சைப் போட்டார். முள் அழகாக ஏறியது. அந்தப் பெண்ணும் வந்து பக்கத்தில் நின்றார்.

“மானா ரோசாக்?” என்றார் ரிப்பேர்க்காரர். எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்கிறார்.

நான் மூடியைக் காட்டினேன். அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்டுப்போனது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. ஒரு காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை.

“அண்ணே, ஏன் பொய் சொன்னீங்க?” என்று கேட்டார் அந்தப் பெண். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

“அந்த ஜன்னல் போத்தல் சாகல” என்றேன்.

“என்னது?”

“நான் அதக் காப்பாத்திட்டேன்.”

அவர் காத்திருந்தார். நான் சொன்னேன். தைப்பூச விடுப்பு முடிந்து வந்த காலை, வெயில், மூன்று சுற்றுத் தாள், கடைசித் தட்டு, தாளை உரித்துக் கொடுத்தது. என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. முடிவில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

“எத்தன நாளு இருட்டுல இருந்துச்சு?”

“நீங்க போன மறுநாள் காலையில இருந்து, நீங்க வந்த நாள் வரைக்கும்.”

“முழுசாவா?”

“முழுசா. தினம் பாத்துக்கிட்டேன்.”

“உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுச்சு?”

“நீங்க எண்ணி முடிச்ச அன்னைக்கு. பத்து நாளாச்சு.”

ஆட்டோகிளேவ் சூடாகிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி சுவிட்சை அணைத்தார்.

“ரெண்டு வருஷத்த எடுத்துருங்கன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். பத்து நாளா என் புருஷன்கிட்டகூடப் பேசல. நீங்க எனக்குக் கோப்பி கலக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க.”

நான் தலையாட்டினேன்.

“தட்டுல எத்தன செடி இருக்கு?”

“நாப்பது இருந்துச்சு. ரெண்டு வாடிருச்சு.”

“தண்ணி ஊத்தினீங்களா?”

“ஊத்தினேன்.”

அவர் நேராகச் செடிக்கூடத்துக்குப் போய், ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தன் சோதனை நோட்டை எடுத்து, அந்த நாளின் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அந்த நோட்டில் எதையும் அழிக்கவோ கிழிக்கவோ கூடாது என்பது எங்கள் கூடத்தின் வழக்கம். தப்பு நடந்தால், தப்பு நடந்தது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷ வேலையில் யாருடைய நோட்டிலும் நான் ஒரு வரி எழுதியதில்லை.

“புரொஃபசர்கிட்ட நானும் வரட்டுமா?”

“வேணாம். எழுதுங்க.”

எழுதினேன். நான் இந்தப் போத்தலை ஜன்னலிலிருந்து எடுத்தேன், தாள் சுற்றி அலமாரியில் வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மலாயில் எழுதினேன், மூன்று வரி. எழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது. கை பேனாவைப் பிடித்திருப்பது மட்டும் தெரியவில்லை.

புரொஃபசர் ஒரு தடவை செய்து பார்க்கச் சம்மதித்து, செடிக்கூடத்துக்கும் மூன்று வாரம் தவணை வாங்கிக் கொடுத்தார். புதுப் போத்தலை அந்தப் பெண்ணே ஜன்னலில் வைத்தார். பக்கத்தில் ஒரு சீட்டு: தொடாதே என்று மலாயில், ஆங்கிலத்தில், தமிழில். அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த ஒரு வாரமும் நான் அந்த ஜன்னலைச் சுற்றிக்கொண்டு, வேறு கதவு வழியாகப் போய்வந்தேன். மழை வருமோ, மேகம் மூடுமோ என்று மட்டும் தூரத்திலிருந்து வானத்தைப் பார்ப்பேன். வெளிச்சத்துக்கு எதிரியாக இருந்தவன் வெயிலுக்காக வேண்டிக்கொண்டேன்.

இந்த முறை மூன்றுக்குப் பதில் நாலு வகை தெளித்தார். வெறும் தண்ணீர். புதிதாகக் கரைத்தது. ஜன்னலில் வைத்துச் சாகவிட்டது. நாலாவது, அதே நாளில் கரைத்து, ஒரு வாரம் தாள் சுற்றி அலமாரியில் வைத்தது.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“இது உங்க போத்தல். பழசானதால கேஸ் போகுதா, வெளிச்சத்தால போகுதான்னு கேப்பாங்க. இது இருந்தா பதில் சொல்லலாம்.” பேசும்போது என் பக்கம் பார்க்கவில்லை. “இதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிராது.”

“தெரியும்.”

தெளித்து முடித்ததும் அவரே செடித் தொட்டிகளை இடம் மாற்றி, எண் மட்டும் ஒட்டி, எந்த எண் எது என்ற பட்டியலை உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார். பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதான் எண்ணணும்.”

“நானா?”

“எனக்கு எது எதுன்னு பாதி ஞாபகம் இருக்கு. எனக்கு என்ன வேணும்னும் தெரியும். என் கண்ண நம்பக் கூடாது.”

“எனக்கு என்ன வேணும்னு எனக்கும் தெரியுமே.”

“ஆனா உங்களுக்கு எந்தச் செடி எதுன்னு தெரியாது. உக்காருங்க.”

காலையிலிருந்து சாயங்காலம்வரை எண்ணினேன். ஒவ்வொரு இலையிலும் ஒவ்வொரு புள்ளி. ஓர் இலையில் நிறையப் புள்ளி இருந்தால், இது செத்த போத்தலாக இருக்குமோ, இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்லலாமா என்று தோன்றும். உடனே, இதுவே புதுப் போத்தலாக இருந்தால் அவரை என் கையாலேயே இரண்டாம் தடவை கொன்றுவிடுவேன் என்றும் தோன்றும். இப்படி இரண்டு பக்கமும் அடைபட்டதில் நேர்மையாக எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. என் நேர்மைக்கு இதற்குமேல் விளக்கம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

கடைசி எண்ணை எழுதிவிட்டு உறையைக் கிழித்தார். பட்டியலை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். நான் எழுந்து நின்றேன். உட்காரலாம் என்று தோன்றியது. உட்காரவில்லை.

“தண்ணி, நிறைய” என்றார். “புதுசு, குறைவு.” விரல் கீழே போனது. நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது. “செத்த போத்தல், நிறைய. தண்ணி மாதிரியே. அலமாரி போத்தல், குறைவு.”

“அப்படின்னா?”

“கேஸ்தான் அண்ணே. அத்தியாயம் உள்ள போகுது.”

பேனாவை மூடி வைத்தார். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. இரண்டு பேரும் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி விழுந்த இலைகள் ஓரம் மஞ்சளாகி, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. நான் எனக்குள் தேடிப் பார்த்தேன். நிம்மதி, வெட்கம், நெஞ்சு வலி, ஏதாவது ஒன்று வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வாய்க்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அதுதான் எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

செடிகளை அவிக்கப் போட்டுவிட்டு, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு துணியை எடுத்தார்.

“அண்ணே, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.”

“இருங்க” என்றேன்.

“கொஞ்ச நாளைக்கு இருப்பேன்.”

“சரி.”

“தட்ட இப்படிக் குடுங்க” என்றார். கொடுத்தேன். அவர் துடைத்தார்.